வலப்பக்கம் மேலே

நான் சாக வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அடுப்படியில் கூடிக் குசுகுசுத்து, என் அறையில் பழம் நறுக்க வைத்திருந்த கத்தியை நைசாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள் அந்த விடுதிக்காரி. போனவள் சும்மா போகவில்லை. காக்கி என்கிற அந்த மஞ்சள்சிவப்புப் பழத்தை அவளே உரித்து, துண்டு போட்டு, மரக்குச்சி செருகிக் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் குச்சியையும் நான் தின்று முடித்தவுடன் வாங்கிக்கொண்டாள்.

ஒரு பெண் தனியாக வெந்நீர் ஊற்றுக்கு வந்தால் அவள் வாழ்க்கை வெறுத்துப்போனவள், விடிவதற்குள் பாலத்திலிருந்து குதிக்கப்போகிறவள். எங்கள் ஊர் விடுதிக்காரர்களுக்கு இது வேதவாக்கு. இப்போதெல்லாம் தனியாக வரும் பெண்களுக்கென்றே அறை ஒதுக்குகிறார்கள், தலைமாட்டில் பூ வேறு வைக்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். தொலைபேசியில் "ஒருத்தர்தான்" என்றால் மறுமுனையில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடடா, எல்லா ரூமும் நிறைஞ்சு போச்சுங்களே" என்பார்கள். நவம்பர் கடைசியில், மலையில் சிவப்பு இலையெல்லாம் உதிர்ந்து, பனியும் இன்னும் விழாமல், காக்கைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத நேரத்தில் எல்லா அறையும் நிறைந்துவிட்டதாம். இந்தக் கதையை மூன்று இடத்தில் கேட்டு எரிச்சலாகி, நாலாவது இடத்தில் "ரெண்டு பேர்" என்று சொன்னேன். உடனே அறை கிடைத்தது.

நான் சாக வரவில்லை. குளிக்க வந்தேன்.

என் பெயர் மிட்சுயோ. அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. சகாதாவில் துறைமுகத்துக்குப் பின்தெருவில் வீடு. கணவர் கொசாகு, விவசாயக் கூட்டுறவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் மாமியாரோடு ஒரே கூரை. மாமியார் கடைசிப் பதினோரு வருஷம் படுத்த படுக்கை. குளிப்பாட்டியது, ஊட்டியது, புரட்டிப் போட்டது, உடுத்திவிட்டது எல்லாம் நான்தான். அதைப் பற்றி இப்போது அழப்போவதில்லை. அந்தம்மா நல்லவர். கடைசி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாலும் நல்லவர்தான்.

வீட்டில் குளியல் தொட்டி ஒன்று. சாயங்காலம் ஒருமுறை சுடவைத்து நிரப்புவோம். முதலில் மாமனார் இறங்குவார். பிறகு கணவர். பிறகு, பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில், பிள்ளைகள். எல்லாரும் முடித்த பிறகு மருமகள். வெளியே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்குவோம் என்றாலும், நாலு பேர் ஊறிய தண்ணீர் நாலு பேர் ஊறிய தண்ணீர்தான். சூடு இறங்கியிருக்கும். மேலே ஒரு நரைமுடி மிதக்கும். அதில் கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடினால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். மிட்சுயோ, மாத்திரை எங்கே. மிட்சுயோ, அம்மா கூப்பிடறாங்க. எங்கள் வீட்டில் முதல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மாமியாருடைய நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் அங்கே இல்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். இனி எழுந்து நடக்கமாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவரை எங்கே வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நான் எல்லாருக்கும் அரிசி மது ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எங்க வைக்கிறதாம்? அதான் மிட்சுயோ இருக்காளே" என்றாள் என் நாத்தனார் ரியோகோ. "பதினோரு வருஷம் அம்மாவைப் பாத்தவ. பழகின கை."

சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். என் கணவர் தன் கோப்பையை என் பக்கம் நீட்டினார், ஊற்று என்று. அவ்வளவுதான், தீர்மானம் நிறைவேறிவிட்டது. வியாழக்கிழமை கூட்டிவருவது என்று நாளும் குறித்துவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் மருமகள் வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, அரிசியைக் கழுவி மின்சாரக் குக்கரில் போட்டுவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என்ன செய்வது என்றெல்லாம் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை மாமனாரை இறக்கும்போது அந்த வாசலில் நான் நிற்கப்போவதில்லை. அது மட்டும் கல்லில் பொறித்த மாதிரி மனசில் இருந்தது.

விடுதி மலையிடுக்கில் இருந்தது. ஆறு அறை. ஓடைக்கு அந்தப் பக்கம் தேவதாருப் பலகை அடித்த இரண்டு குளியல் கொட்டகை. ஆள் வராத காலம் என்பதால் ஒன்றை வடித்துக் காயப்போட்டிருந்தார்கள். மற்றதின் வாசலில் ஒரு மரப்பலகை தொங்கியது. ஒரு பக்கம் 'காலி', மறுபக்கம் 'ஆள் உண்டு'. உள்ளே போகிறவர் பலகையைத் திருப்பிவிட்டுப் போகவேண்டும். திரும்பிய பலகை தொங்கினால் அந்தக் கதவை யாரும் தட்டமாட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் தனிக் குளியல் இருக்கிற விடுதியாகத் தேடிப் பிடித்தேன்.

விடுதிக்காரி தொமொயேவுக்கு என் வயதுதான் இருக்கும். உருண்டை முகம். வாசலில் மண்டியிட்டுக் கும்பிட்டு வரவேற்றாள்.

"வாங்க வாங்க, நல்ல குளிர்ல வந்திருக்கீங்க. கூட வர்றவங்க?"

"வரலை."

"பின்னால வர்றாங்களா?"

"வரவே மாட்டார்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பெட்டி?"

"இந்தப் பைதான்."

"எத்தனை நாள் தங்கறதா உத்தேசங்க?"

"வியாழக்கிழமை கழியற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னன்னு நான் யோசிக்கலை" என்றேன். அவள் கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன், அவ்வளவுதான். இப்போது நினைத்தால் அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கத்தியை எடுத்து ஒளித்திருப்பேன்.

அறையில் யுகாதா மடித்து வைத்திருந்தது. விடுதிக்கு வந்துவிட்டால் அந்தப் பருத்தி அங்கிதான் எல்லாருக்கும். குளிக்கப் போவதும் அதில்தான், சாப்பிட உட்காருவதும் அதில்தான், தூங்குவதும் அதில்தான். வீட்டில் நான் கால்சட்டையும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டே காலம் தள்ளியவள். மடிப்புக் கலையாத யுகாதாவை எடுத்து, சுற்றி, இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு படியிறங்கினேன். கீழே தொமொயே தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். என் கழுத்துக்குக் கீழே பார்த்தாள். பார்த்த இடத்திலேயே கண் ஒட்டிக்கொண்டது. அடுப்படியிலிருந்து அவள் புருஷன், விடுதிச் சமையல்காரர், கையில் மீனோடு தலையை நீட்டினார். அவரும் பார்த்தார். மீனோடு உள்ளே போய்விட்டார்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் இப்படித்தான். உன் கூரை எரிகிறது என்று நேராகச் சொல்லமாட்டார்கள். இன்றைக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறதல்லவா என்பார்கள்.

"இப்பவே குளிக்கப் போறீங்களா?" என்றாள் தொமொயே. "கொஞ்சம் டீ குடிச்சிட்டு, பேசிட்டு இருந்துட்டு, மெதுவா..."

"இப்பவே போறேன்."

சின்னப் பாலத்தைத் தாண்டி, பலகையைத் திருப்பி, கதவைச் சாத்தினேன். உடம்பைக் கழுவிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தேன். பால் கலந்த மாதிரி தண்ணீர், அவித்த முட்டை வாசனை. ஒரு மூங்கில் குழாய் வழியாக மலைக்குள்ளிருந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது. நான் உட்கார்ந்ததும் விளிம்பு தாண்டிக் குபுகுபுவென்று வழிந்து ஓடைக்குப் போனது. யாரும் எனக்கு முன்னால் இறங்காத தண்ணீர். ஒரு முடி இல்லை. சூடு எலும்புவரை போனது. கண்ணை மூடினேன். அடடா, இதுதானா, இதைத்தானா இத்தனை வருஷம் மாமனார் தினமும் அனுபவித்தார் என்று தோன்றியது. எனக்கு அவர்மேல் அப்போது வந்த பொறாமையைச் சொல்லி மாளாது.

"அம்மா" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டது. "தண்ணி சூடு சரியா இருக்குங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. "சரியா இருக்கு."

போனாள். திரும்பக் கண்ணை மூடினேன்.

"அம்மா, துண்டு போதுங்களா?"

"போதும்."

மூங்கில் குழாய்ச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு கூழாங்கல்லில் காலடி.

"அம்மா... நீங்க பாட்டு ஏதாவது பாடுவீங்களா? உங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எங்களுக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பஸ் ஏறி, மலை ஏறி, பொய் சொல்லி அறை பிடித்து, இங்கேயும் கதவுக்கு வெளியே நின்று ஒருத்தி என்னைக் கூப்பிட்டால் நான் எங்கேதான் போவது? எழுந்தேன். ஈர உடம்பில் யுகாதாவைச் சுற்றிக்கொண்டு கதவைப் படாரென்று திறந்தேன்.

"பலகை திரும்பியிருக்கா இல்லையா?"

"திரும்பியிருக்குங்க."

"திரும்பியிருந்தா கூப்பிடலாமா?"

"கூப்பிடக்கூடாதுங்க."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டீங்க? நான் என்ன உங்க தண்ணிய எடுத்துட்டு ஓடிடவா போறேன்?"

அவள் என் கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "அம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். அவசரப்படாதீங்க. என் மாமியார் காலத்துல ஒரு பொண்ணு இப்படித்தான் தனியா வந்து... இன்னிக்கு வரைக்கும் அந்த ரூமை யாருக்கும் குடுக்கறதில்லை நாங்க."

"எதைப் பேசித் தீத்துக்கறது? என்ன உளர்றீங்க?"

"உங்க கழுத்தைப் பாருங்கம்மா. நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தேன். யுகாதாவின் வலப்பக்கம் மேலே இருந்தது.

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் வலப்பக்கத்தை உள்ளே விட்டு, இடப்பக்கத்தை மேலே போட்டு மூடுவோம். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு மட்டும். மூன்று வயசுக் குழந்தை மாற்றிப் போட்டால்கூட எட்டி அடித்துச் சரிசெய்வார்கள். அப்படிப்பட்ட கோலத்தில், தனியாக, ஒரு துணிப்பையோடு, வியாழக்கிழமைக்கு அப்புறம் யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வளையவந்திருக்கிறேன்.

பட்டியை அவிழ்த்தேன். தொமொயே எதிரிலேயே திரும்பவும் சுற்றினேன், யோசிக்காமல், கை போன போக்கில். வலக்கை கடைசியாக வந்தது. திரும்பவும் வலப்பக்கம் மேலே.

அப்போதுதான் புரிந்தது. மாமியாருக்கு எதிரில் நின்றுதான் நான் தினமும் உடுத்திவிடுவேன். படுக்கையில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, எதிரே மண்டியிட்டு. அவருடைய இடப்பக்கம் என் வலக்கைக்கு நேரே இருக்கும். அதனால் என் வலக்கை எப்போதும் கடைசியில் வரும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, ஈரம் பண்ணிவிட்டால் நடுவிலும். பதினோரு வருஷம். அவருக்கு ஒரு நாள்கூட மாற்றிப் போட்டதில்லை. கடைசி நாளில்தான் ஈமக்காரியம் செய்கிறவர் வந்து வலப்பக்கத்தை மேலே மடித்தார். அவருக்குச் சரியாகப் போட்டுப் போட்டு, எனக்கு நானே உடுத்திக்கொள்ளத் தெரியாமல் போயிருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. என் கையின்மேலேயே ஆத்திரம் வந்தது.

"நான் சாக வரலைங்க" என்றேன். "என் கை இன்னும் அடுத்தவங்களுக்கே உடுத்திக்கிட்டு இருக்கு. அவ்வளவுதான்."

கொட்டகைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொமொயே வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பாட்டுப் பாடச் சொன்னதை நான் நடித்துக் காட்டியதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அம்மா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்ன?"

"நீங்க குளிக்கப் போனதுமே உங்க வீட்டுக்குப் போன் போட்டுட்டேன். வந்தப்போ எழுதிக் குடுத்தீங்களே, அந்த நம்பருக்கு."

"என்னன்னு சொன்னீங்க?"

"உங்க வீட்டம்மா இன்னும் உசுரோடதான் இருக்காங்க, சீக்கிரம் வாங்கன்னு."

காரில் வந்தால் சகாதாவிலிருந்து இருட்டுவதற்குள் வந்துவிடலாம். வந்து, கையைப் பிடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வியாழக்கிழமை வாசலில் நிறுத்திவிடலாம். நான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தேனோ அதில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

தொமொயே படியிலிருந்து இறங்கி, ஈரக் கூழாங்கல்லில் நெற்றி படக் குனிந்தாள். "நான் வேணா நீங்க கிளம்பிப் போயிட்டீங்கன்னு சொல்லிடட்டுமா? எங்க வீட்டுக்காரர் உங்களைப் பின்வழியா அடுத்த ஊர் விடுதில கொண்டுபோய் விட்டுடுவார்."

"எழுந்திரிங்க முதல்ல" என்றேன். "ஒளிஞ்சுக்கறதுக்கு நான் யார் வீட்டுல என்ன திருடினேன்? வரட்டும். ரெண்டு பேருக்குன்னுதானே ரூம் போட்டிருக்கேன்."

கொசாகு வந்தார். வழியில் இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கி, துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மனைவி செத்துக் கிடக்கிறாளோ என்று பதறி ஓடிவந்த மனிதர், அதற்கு நடுவிலும் வண்டியை நிறுத்தி இனிப்பு வாங்கியிருக்கிறார். வாசலிலேயே தொமொயேவுக்கும் அவள் புருஷனுக்கும் இடுப்பு ஒடியக் குனிந்தார். "எங்க வீட்டு ஆளால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு ஆயிடுச்சு. மன்னிக்கணும், மன்னிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. பயந்துதான் போயிருந்தார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்.

"மதியம் சோறு மட்டும்தான் இருந்துச்சு."

"ஊறுகாய் ஜாடி அலமாரில இருக்கே."

"எந்த அலமாரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அறைக்குப் போனோம். தொமொயே தேநீர் வைத்தாள், இரவு சாப்பாடு இரண்டு பேருக்குத் தயார் என்றாள், இரண்டாவது யுகாதாவைக் கணவர் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைத் தயங்கிப் பார்த்துக்கொண்டே போனாள். கொசாகு தேநீரைக் குடித்தார். நிறம் திரும்பியது. நிறம் திரும்பியதும் பழைய கொசாகு ஆனார்.

"சரி, வந்தது வந்தாச்சு" என்றார். "தங்கிட்டுக் காலையில கிளம்பிடலாம். நாளைக்கு அந்த மருத்துவமனைக் கட்டில் வந்துடும், எங்க போடணும்னு நீதான் சொல்லணும். அம்மா இருந்த இடத்துலயே போட்டுடலாமா? உனக்கும் அடுப்படியிலிருந்து கிட்டத்துல இருக்கும்."

"நான் காலையில வரலை."

"பின்ன எப்ப வருவே? வியாழக்கிழமை அப்பா வர்றாரு."

"வரட்டும். நான் அங்க இருக்கமாட்டேன்."

சின்னக் குழந்தை அடம்பிடிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "விளையாடாதே. களைச்சுப் போயிருக்கே, எனக்குத் தெரியாதா? ரெண்டு நாள் ஆனா சரியாயிடும். உன்னைவிட்டா யாருக்கு இதெல்லாம் தெரியும்? பழகின கை."

"இந்தப் பழகின கையாலதான் மத்தியானம் பொணம் மாதிரி உடுத்திக்கிட்டு நின்னேன்."

"அதைத்தான் சொல்றேன், உனக்குத் தலை சரியில்லை. தூக்கம் பத்தாது." எழுந்தார். "நான் முதல்ல குளிச்சிட்டு வந்துடறேன். அப்புறம் நீ போ."

நான் முதல்ல. எப்படி இயல்பாக வந்தது பாருங்கள். அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

சட்டையைக் கழற்றிப் பாயில் போட்டார். யுகாதாவைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். மருத்துவமனைக் கட்டிலுக்குச் சக்கரம் உண்டு, தள்ளிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேமே என்று நின்றார். மாமியார் கடைசி மாசம்வரை அப்படித்தான் கையை விலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தம்மாவுக்குக் கை தூக்க முடியாது. இவருக்கு?

என் கை எழுந்தது. அவர் இடப்பக்கத்து விளிம்பைப் பிடிக்கப்போனது. கோடைத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் நான்தான் கட்டிவிட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் அவர் அம்மா கட்டிவிட்டிருப்பார். அந்தக் கையை இழுத்து என் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டேன்.

"ம்" என்றார், இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி.

"கட்டிக்கோங்க."

"என்ன?"

"உங்க துணி. நீங்களே கட்டிக்கோங்க. நான் குளிக்கப் போறேன்."

துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் அவர் வருவது கேட்டது. ஒரு கையால் துணியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்பு மாட்டாமல், "ஏய், மிட்சுயோ, நில்லு" என்று. நான் நிற்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. பாலத்தைத் தாண்டி, பலகையைத் திருப்பி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

தண்ணீர் அப்படியே காத்திருந்தது. கழுத்துவரை அமிழ்ந்தேன்.

"மிட்சுயோ."

மோவாய்வரை இறங்கிக்கொண்டேன்.

"மிட்சுயோ. என்ன விளையாட்டு இது? வெளியில குளிருது." கொஞ்சம் பொறுத்து, குரல் மாறியது. "மிட்சுயோ, சத்தம் குடு. ஏதாவது சொல்லு." கதவில் கை பட்டது.

"ஐயா." அது தொமொயேவின் குரல். பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. "பலகை திரும்பியிருக்குங்க. உள்ள ஆள் இருக்கறப்போ தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது."

"என் சம்சாரம்தாங்க உள்ள இருக்கா. அவ மனசு சரியில்ல. நீங்கதானே போன்ல..."

"போன்ல சொன்னது என் தப்புங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்லை. குளிக்கறாங்க. குளிக்கறவங்களைக் குளிக்க விடணும், இங்க அதுதான் வழக்கம்."

மத்தியானம் மூன்று தடவை அந்த வழக்கத்தை மீறியவள் அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, தண்ணீருக்குள் அடக்கிக்கொண்டேன். கொசாகு வெளியே நின்றார். அவர் கால் மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கூழாங்கல்லில் கேட்டது. போவார் என்று பார்த்தேன். போகவில்லை. கடைசியில், கதவோடு பேசுவதுபோல், தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப அப்பாவை யாரு குளிப்பாட்டறது?"

இதற்கு மட்டும் பதில் சொன்னேன். "உங்க அப்பா. உங்க கை."

"எனக்குத் தெரியாதே."

"எனக்கும் தெரியாது. உங்க அம்மாவை முதல் தடவை குளிப்பாட்டறப்போ வழுக்கி என் மடியில விழுந்தாங்க. ரெண்டு பேரும் ஈரத்துல உக்காந்து அழுதோம். அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்களும் தெரிஞ்சுக்கோங்க. இல்லை, உங்க தங்கச்சியைக் கூப்பிடுங்க. அவளுக்கும் ரெண்டு கை இருக்கு, கோப்பை தூக்கறப்போ பாத்தேன்."

நான் அவசரப்படவில்லை. விரல் நுனி சுருங்கும்வரை, ஆவி போகக் கூரையில் விட்டிருந்த துவாரத்தில் தெரிந்த வானம் சாம்பலாகும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிறகு எழுந்து, துடைத்துக்கொண்டு, யுகாதாவை நிதானமாகச் சுற்றினேன். வலக்கை முந்திக்கொண்டு வந்தது. நில், என்றேன் அதனிடம். இடக்கை கடைசியில் வரட்டும். வந்தது.

வெளியே கொசாகு படியில் உட்கார்ந்திருந்தார், துணியை நெஞ்சில் கூட்டிப் பிடித்துக்கொண்டு. மூக்கு சிவந்திருந்தது. பலகையைக் 'காலி' பக்கம் திருப்பினேன்.

"போங்க. இப்ப உங்க முறை."

எழுந்து உள்ளே போனார். ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர், இரண்டாவதாக இறங்கினாலும் புதுசுதான். அவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. காத்திருந்தார், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் நானும் தொமொயேவும் அவள் புருஷனும்தான். கணப்புக்குப் பக்கத்தில் உப்பு தடவிச் சுட்ட ஆற்று மீன், சேப்பங்கிழங்குக் குழம்பு, சிவப்பு முள்ளங்கி ஊறுகாய். யாரோ சமைத்து என் முன்னால் வைத்த சோறு. சாப்பாட்டுக் குச்சியை எடுத்தேன். அப்போது கொசாகு உள்ளே வந்தார்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பட்டி தொப்புளுக்கு மேல் ஒரு பெரிய முடிச்சாக நின்றது. வலப்பக்கம் மேலே இருந்தது.

தொமொயேவின் கையில் இருந்த சோற்றுக் கிண்ணம் நடுவழியில் நின்றது. சமையல்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மெதுவாகக் கத்தி இருக்கும் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்க" என்றேன். "இவர் சாக வரலை. அறுபது வயசுல இன்னிக்குத்தான் தானா உடுத்தியிருக்கார்."

கொசாகு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். காது வரைக்கும் சிவந்தது. என் பக்கம் பார்த்தார். கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகியது, பழக்கத்தில். நான் குச்சியைக் கீழே வைக்கவில்லை.

"வியாழக்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

"வியாழக்கிழமை நான் இங்கதான் இருப்பேன்."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்த்தார், சுற்றினார், பார்த்தார். மறுபடியும் தப்பு. மறுபடியும் அவிழ்த்தார். நான் மீனை, ஆறிப்போவதற்குள், சாப்பிட்டேன்.